கோல் கம்பத்துக்குப் பின்னால் கேட்ட சத்தம்

…சொல்லமாட்டார், இப்றாஹிம் நானா வாக்குத் தந்தால் தந்ததுதான், ஃபோனில் கேட்டு, பிறகு பள்ளிவாசல் வாசலில் பிடித்து நிறுத்தி மறுபடியும் கேட்டு வாங்கிய வாக்கு, ஆனாலும் அந்த மனிதரின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் வாக்கும் ஞாபகம் இருக்காது வயதும் ஞாபகம் இருக்காது, இதோ, கதிரையிலிருந்து எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியவர் மைக்கைக் கண்டதும் பந்து தன் காலுக்கு வரப்போகிறது என்பது போல நிமிர்ந்துவிட்டார்… மஸாஹிர் கழுத்திலிருந்த டையை இரண்டு விரலால் தளர்த்தினான். ஸம்ஹா வாங்கிவந்த டை. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனுக்கு டை என்னத்துக்கு மகள் என்று கேட்டதற்கு, "இண்டைக்கு நீங்க வேன் நானா இல்ல வாப்பா, சிறப்புப் பேச்சாளர், இன்விடேஷன்ல அப்படித்தான் போட்டிருக்கி" என்று சொல்லிச் சொல்லி முடிச்சை இறுக்கினாள், இப்போது மூச்சு முட்டுகிறது, டையாலா மற்றதாலா என்று தெரியவில்லை. ஆலங்குடாவில் இந்த ஹோட்டல் மண்டபத்தில் மற்ற நாட்களில் வெள்ளைக்காரர்தான் இருப்பார்கள், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கிவிட்டு வந்து ஈரக் காற்சட்டையோடு சாப்பிடுகிற இடம், இன்றைக்குக் கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுப் பச்சை ரிப்பன் கட்டி, நடுவில் ஒரு சீலைத் திரையும் இழுத்து, அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள், பிறைநிலா விளையாட்டுக் கழகத்தின் வருடாந்த விருந்து. திரை கண்ணைத்தான் மறைக்கும், ஒலிபெருக்கியை மறைக்காது, அதுதான் பயம். அந்தப் பக்கம் முன்வரிசையில் ஸம்ஹா இருக்கிறாள், பக்கத்தில் அவளுடைய உம்மா றிஸானா. ஒரேயொரு சொல் அந்தத் திரையைத் தாண்டிப் போகாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படியும் போகட்டும், மைக்கில் தான் உளறினாலும் பரவாயில்லை. அகதி. அவ்வளவுதான் சொல். இந்த மைதானத்தில் அவன் விளையாடிய காலம் முழுக்க அதுதான் அவனுக்குப் பட்டப்பெயர், பட்டப்பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, வேறு பெயரே இருக்கவில்லை, ஸம்ஹாவுக்கு மட்டும் அது தெரியாது.

வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. டிவி செய்தியில் எந்த நாட்டுக்காரரைப் பற்றியாவது அந்தச் சொல் வந்தால் றிஸானா எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள், அவன் கேட்டு அவள் செய்வதில்லை, அவளாகவே செய்வாள், அவள் இந்த ஊர்க்காரி, குழாயடியில் வரிசையின் முன்பக்கம் நின்ற வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியாதா… மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று துவக்கோடு வந்து சொன்னவர்கள் தந்த அவகாசத்தில் உம்மா எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் கொடியில் கிடந்த ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள், மன்னாரில் தோய்த்த துணி இங்கே வந்துதான் காய்ந்தது. பிறகு கிடுகுக் கொட்டில், கேம்ப், குழாயடி. "அகதி ஆக்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க." யாரும் அதை ஏச்சாகச் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் விளங்காத சங்கதி, அரிசி தந்தபோதும் அதே சொல்தான், தண்ணீர் தராதபோதும் அதே சொல்தான், பெருநாளைக்கு உடுப்புக் கொண்டுவந்து தந்த பெரிய மனிதரும் அகதிப் பிள்ளைகளுக்கு என்றுதான் தந்தார், உம்மா வாங்கிக்கொண்டு சிரித்தாள், கொட்டிலுக்குள் வந்து அழுதாள். பின்னேரங்களில் அவன் மைதானத்துக்குப் போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வெளியே போகிற பந்தை எடுத்துக் கொடுப்பான், ஒருநாள் கோல் காக்கிற கோலிக்காரன் வரவில்லை, கெப்டன் இப்றாஹிம் நானா திரும்பிப் பார்த்து, "டேய், அந்த அகதிப் பொடியனக் கூப்பிடு, கை நீளமா இருக்கி" என்றார். அவ்வளவுதான் ஆரம்பம். அடுத்த நாளிலிருந்து, அகதி, வெளிய வாடா, அகதி, தட்டிவிடுடா, அகதி, இங்க குடுடா… பந்து வருகிற வேகத்தில் யார் வாப்பா வைத்த பெயரை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்?

இப்றாஹிம் நானா பேசிக்கொண்டிருக்கிறார். பழைய பூட்ஸைப் பற்றி, ஒரு சோடியை இரண்டு பேர் பாதிப் பாதி நேரம் போட்டு விளையாடியதைப் பற்றி, வண்ணாத்திவில்லில் ஒரு மேட்ச் முடிந்து பஸ் இல்லாமல் மரக்கறி லொறியில் பூசணிக்காய்களுக்கு மேலே படுத்து வந்ததைப் பற்றி, இளசுகள் சிரிக்கிறார்கள், இப்போது இறுதிப் போட்டிக்கு வருகிறார், வந்துவிட்டார்… "கடைசி நிமிசத்தில பெனால்டி. கோல்ல நிக்கிறது நம்மட…" நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். "நம்மட…" மறுபடியும் செருமினார், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார், தெரிகிறது, சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, மனிதர் பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளுகிறார், "நம்மட மஸாஹிர்!" என்று கடைசியில் போட்டு உடைத்தார், பாடமாக்கிய விடையைச் சொல்லி முடித்த பிள்ளையின் முகத்தோடு இவன் பக்கம் திரும்பி ஒரு பார்வையும் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ். தப்பியாயிற்று. இனிப் பயமில்லை, மிச்சக் கதை அவனுடைய கதை, எத்தனை தடவை சொன்ன கதை, வேனில் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறான், சோறு தின்ன அடம்பிடித்த வயதில் ஸம்ஹாவுக்குக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான், தலவில டீமின் பேதுரு பந்தை வைக்கிறான், பின்னால் போகிறான், வாப்பா அவனுடைய கண்ணைப் பார்க்கிறேன், கண் ஒரு கணம் என் வலது பக்கம் போய் வருகிறது, எனக்கு விளங்கிவிட்டது, பாய்ந்தேன், பிடித்தேன், ஆ காட்டுங்க மகள்… அந்தப் பந்தை வைத்துத்தான் இந்த ஊரில் அவன் குடியிருந்தான், காணியும் வீடும் பிறகு வந்தவை. றிஸானாவைப் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய வாப்பா எந்த ஊர் என்று கேட்கவில்லை, "பெனால்டி பிடிச்ச பொடியனா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு வெற்றிக்கு வைத்த சாப்பாட்டில் அவன் வாசலோரம்தான் நின்றான், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன், ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை மூடியைத் திறக்கமாட்டார்கள், கெப்டனின் சஹனில் ஐந்து பேர் இருந்தார்கள், அவர் இடுப்பை அசைத்து இடம் விட்டு, "வாடா அகதி, நீ வராம இதத் திறக்கேலா" என்றார். அந்த ஒருநாள் அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்பதை றிஸானாவிடம்கூட அவன் சொன்னதில்லை, சொன்னால் உம்மாவின் அழுகைக்கு என்ன பதில்?

கைதட்டல். அறிவிப்பாளர் ஹில்மி, கழகத்தின் இப்போதைய செயலாளர், நல்ல பொடியன், எதற்கெடுத்தாலும் கழகத்தின் தூண் என்பான், எதிரணியின் தூணைக் கூப்பிட்டான். பேதுரு எழும்பி வந்தான். அந்தக் காலத்தில் சவுக்குக் கம்பு மாதிரி இருந்தவனுக்கு இப்போது வயிறு முன்னே வருகிறது, ஆள் பின்னே வருகிறான், தலவிலக் கரையில் போட் எஞ்சின் திருத்துகிறானாம், பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுவான், அவனிடம் பயப்பட ஒன்றுமில்லை, அதனால்தான் அவனிடம் வாக்கு வாங்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மஸாஹிர் சாய்ந்து உட்கார்ந்தான். சுவரோரம் மூடிவைத்த சஹன்களிலிருந்து புரியாணி வாசம் வந்தது, பசி எடுத்தது, இவ்வளவு நேரமும் பசி தெரியவில்லையே… "எனக்குப் பேசத் தெரியாது, ஹரியா?" என்று பேதுரு தொடங்கினான். "ஒரே ஒரு கதைதான் இருக்கு. என்ட பொண்டாட்டிக்கும் சொல்லாத கதை. அண்டைக்கு நான் பந்த வெச்சிட்டுப் பின்னுக்குப் போறன். கோல் கம்பத்துக்குப் பின்னால பெரிய சத்தம். அகதி, அகதி, அகதி எண்டு." மஸாஹிரின் முதுகு கதிரையைவிட்டு வந்தது. ஐயோ. இவனா? இவன் வாயிலிருந்தா? "எங்கட ஆக்கள்தான் இவனக் கேவலப்படுத்துறாங்க எண்டு நெனச்சன். மன்னார் ஆக்கள்ட போட் எல்லாம் கரைக்கு வந்த நேரம் எங்கட அம்மா பாணும் பிளேன்டீயும் தூக்கிக்கொண்டு ஓடின மனிசி. இதக் கேட்டா அவ செத்துப்போவா. எனக்கு வெக்கமாப் போச்சு மச்சான். கால் தளந்து போச்சு. மெதுவா, அவன்ட கையில குடுக்கிற மாதிரித்தான் அடிச்சன். தோத்ததுக்கு நான் ஒருநாளும் கவலப்பட்டதில்ல. அண்டைக்கு அது அவனுக்குக் கெடைக்க வேணும்." சொல்லிவிட்டு இவன் பக்கம் பார்த்து நெஞ்சில் கைவைத்தான், கண் கலங்கியிருந்தது, பொய் சொல்கிற முகமில்லை அது. அப்போதுதான் இப்றாஹிம் நானா, மைக் இல்லை, மைக் தேவையுமில்லை, "அடப் பாவி பேதுரு! கத்தினது நாங்கடா! எங்கட ஆக்கள்டா! அது அவன்ட பேருடா!" என்று மேசையில் அடித்தார்.

சிரிப்பு வெடித்தது. கிழடுகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள், ஓம் ஓம், அகதி, நம்மட அகதி, என்று பின்மேசையில் யாரோ சொல்ல இன்னொருவர் அதை எடுத்துக் கொடுத்தார், இத்தனை வருடமாக ஒரு மனிதன் ஆரவாரத்தைப் பழிப்பு என்று நினைத்துக் கப் ஒன்றையே விட்டுக்கொடுத்திருக்கிறான், சிரிக்காமல் என்ன செய்வது, மஸாஹிரும் சிரித்தான், கன்னம் தானாகவே சிரித்தது. பேதுரு மட்டும் சிரிக்கவில்லை. மைக் இன்னும் அவன் வாயருகில்தான் இருந்தது. "பேரா?" என்று கேட்டான். கேலியாக இல்லை, கேள்வியாகவே கேட்டான். "அதையா ஒரு மனிசனுக்குப் பேரா வெச்சீங்க?" ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் நான்கு மூலைக்கும், திரைக்கு அந்தப் பக்கத்துக்கும், ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹில்மி ஓடிவந்து சகோதரர் பேதுருவின் நகைச்சுவை உணர்வுக்கு நன்றி சொன்னான், பாவம், அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும், நினைவுச் சின்னம் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள். கடற்காற்று உள்ளே வந்து திரையின் ஓரத்தைத் தூக்கியது, ஸம்ஹாவின் முகம் தெரிந்தது, அவள் சிரிக்கவில்லை, உம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், றிஸானா தலையைக் குனிந்து மடியிலிருந்த கைப்பையின் வாயை மூடித் திறந்துகொண்டிருந்தாள், திரை விழுந்துவிட்டது. என்ன கேட்டிருப்பாள்? உங்களுக்குத் தெரியுமா என்றா? நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீங்களா என்றா?

சரி, சொல் போய்ச் சேர்ந்துவிட்டது, எதற்குப் பயந்தோமோ அது நடந்து முடிந்துவிட்டது, அப்படியானால் ஏன் வலி வேறெங்கோ இருக்கிறது, சொல்லில் இல்லை, பந்தில் இருக்கிறது… மெதுவாக அடித்தானாம். கையில் கொடுத்தானாம். அப்படியென்றால் அதுவும் நிவாரணமா? அரிசி, பருப்பு, சீனி, பிறகு ஒரு பெனால்டியா? வரிசையில் நிற்காமல் அவன் வாங்கியது என்று இந்த ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் பேதுருவின் அம்மா பாணோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினாளா? மேசைக்குக் கீழே வலது கையின் மோதிர விரலைத் தடவிப் பார்த்தான். அது மடங்காத விரல், அந்தப் பந்தில் முறிந்தது, அன்றிலிருந்து வேன் ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் அது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் கேலி செய்வார்கள். மெதுவாக வந்த பந்து விரலை முறிக்குமா? முறிக்காது. பேதுரு பொய் சொல்கிறான். இல்லை, பொய் சொல்லவில்லை, இத்தனை வருடம் நினைத்து நினைத்துப் பந்து அவன் காலில் மெதுவாகிவிட்டது, அப்படியும் நடக்குமே… அல்லது விழுந்தபோது கம்பத்தில் அடிபட்டுத்தான் விரல் முறிந்ததா? கம்பமா, பந்தா? யோசித்துப் பார்த்தால் பந்து கையில் பட்ட ஞாபகமே இல்லை. மண் ஞாபகம் இருக்கிறது, வாய்க்குள் போன மணல், உப்புக் கரித்தது. பேதுருவின் கண்? எத்தனை தடவை சொன்ன கண், கரண்டியும் கையுமாகச் சொன்ன கண், அது எந்த நிறம், எவ்வளவு தூரத்தில் இருந்தது, அந்த வெயிலில் அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதனுடைய கண் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியுமா? தெரியாது. தெரியாதே! அப்படியானால் வலது பக்கம் ஏன் பாய்ந்தேன்? அவன் என் வலது பக்கம்தான் அடித்தான், நானும் வலது பக்கம்தான் பாய்ந்தேன், அவன் இரக்கப்பட்டானோ இல்லையோ, வேகமாக அடித்தானோ மெதுவாக அடித்தானோ, அது அவன் பாடு, என்னை வலது பக்கம் தூக்கிப் போட்டது எது…

எங்கேயோ யாரையோ கூப்பிடுகிறார்கள். கழகத்தின் தூண் என்கிறார்கள். முன்னாள் கோல் காப்பாளர், சிறப்புப் பேச்சாளர், ஜனாப் மஸாஹிர் அவர்கள், கைதட்டுகிறார்கள், நல்லது, யாரோ மஸாஹிராம், எழும்பிப் போய்ப் பேசட்டும், கைதட்டல் ஓய்ந்து மறுபடியும் தொடங்கியது, ஹில்மி அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் தேன் தடவிச் சொன்னான். "மஸாஹிர்," என்று யாரோ அடங்கிய குரலில் சொன்னார்கள். "மஸாஹிர், டேய்." அவன் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "அகதி!" தலை திரும்பியது. தலை மட்டுமா, தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, இரண்டு கையும் மடியிலிருந்து எழும்பி நெஞ்சுக்கு நேரே விரிந்து நின்றன, மடங்காத விரலோடு, முழங்கை பட்டுத் தண்ணீர்க் கிளாஸ் கவிழ்ந்து விரிப்பு நனைந்தது. வலது பக்கம். மேசையின் வலது முனையில் இப்றாஹிம் நானா, சொல்லிவிட்ட வாயைப் பொத்திக்கொண்டு, வாக்கை உடைத்துவிட்ட குற்றத்தோடு கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் அவர் அன்றைக்கும் நின்றார். பெனால்டிப் பெட்டியின் கோட்டுக்கு வெளியே, வலது பக்கம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. பின்னால் நின்ற கூட்டமெல்லாம் ஒன்றாகக் கத்தியது ஒரு இரைச்சல், அது எதையும் சொல்லவில்லை, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது, வலது பக்கமிருந்து, அகதி என்று, இவன் திரும்பினான், திரும்பிய பக்கம் பந்து வந்தது… அவ்வளவுதானா? கண்ணும் இல்லை, இரக்கமும் இல்லை, கூப்பிட்டார்கள், திரும்பினேன், அவ்வளவுதானா? எழும்பி நடந்தான், கால் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பேதுருவைக் கடக்கும்போது பேதுரு அவன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டான், மைக் கையில் வந்தது, சொல்ல நினைத்து வைத்திருந்த வசனங்கள், ஒழுக்கம், கட்டுப்பாடு, இளைஞர் சமுதாயம், எல்லாம் ஒன்றாகக் காணாமல் போயிருந்தன. திரையின் ஓரத்தில் ஸம்ஹா வந்து நின்றாள். வாப்பாவின் பேச்சை ஃபோனில் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள், ஃபோன் கையில் இருந்தது, ஆனால் கை கீழே தொங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றான். மண்டபம் பதில் சொன்னது. "பேதுரு மெதுவா அடிக்கல்ல," என்று விரலைத் தூக்கிக் காட்டினான், சிரித்தார்கள், பேதுருவும் சிரித்தான். "நானும் அவன்ட கண்ணப் பார்த்துப் பிடிக்கல்ல. அது நான் கட்டிச் சொன்ன கதை." சிரிப்புக் குறைந்தது. "கூப்பிட்டாங்க, திரும்பினேன். திரும்பின இடத்தில பந்து இருந்திச்சி." இனி, என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஒரு சொல், சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல், அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபோதுதான் அவனுக்கு அது தெரிந்தது, இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவன் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. குழாயடியில் சொன்னார்கள், மைதானத்தில் சொன்னார்கள், சஹனைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள், அவன் கேட்டிருக்கிறான், திரும்பியிருக்கிறான், சொன்னதில்லை. தன் வாயிலிருந்து வந்தால் அது எப்படி ஒலிக்கும், குழாயடியில் கேட்டது போலவா, சஹனடியில் கேட்டது போலவா? இப்றாஹிம் நானா தலையைக் குனிந்திருந்தார், நனைந்த விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, திரையோரத்தில் ஸம்ஹா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.